காணாமையும் இன்மையும்

மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு. கருதல் அளவைக்கு நம் நூல்கள் திரும்பத் திரும்பக் காட்டும் உதாரணம் இது. வடமேற்கு இலண்டனில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் சைவ சித்தாந்த வகுப்பில் ஆசிரியர் இதைச் சொன்னபோது என் மனம் வேறெங்கோ போய்விட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக டீசல் எஞ்சின்களோடு பிழைக்கிறவன் நான். புகை என்றதும் எனக்கு ஒரு கேள்விதான் எழும்: என்ன நிறம்?

கறுப்பு என்றால் எரிபொருள் கூட, காற்றுக் குறைவு. நீலம் என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அந்த இரண்டு வெள்ளையையும் பிரித்தறியக் கண் போதாது. எரியாத டீசல் மூக்கில் ஏறும், கண்ணைக் கரிக்கும், நீராவி கரிக்காது. இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவர் சித்தப்பா.

சுன்னாகத்தில் அவருடைய கராஜ் ஒரு தகரக் கொட்டில். 1980களின் தொடக்கத்தில் மசி பெர்குசன் உழவு இயந்திரங்களும் ஹையேஸ் வேன்களும் அங்கே வரும். பழுது பார்க்க அவரிடம் இருந்த கருவி ஒரு நீளத் திருப்புளி. அதன் நுனியை எஞ்சினின் தலையில் ஊன்றி, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். தட்டல் எந்தச் சிலிண்டரில் என்று தீராவிட்டால், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, இன்ஜெக்டர்களுக்குப் போகும் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். டீசல் வெளியே கசியும். அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. எந்த நட்டைத் தளர்த்தும்போது தட்டல் நிற்கிறதோ அங்கேதான் பழுது. மறுபடி இறுக்கினால் தட்டல் திரும்பி வரும். ஒன்று இருக்க மற்றது இருப்பதும், ஒன்று இல்லாதபோது மற்றது இல்லாமற்போவதும்: அன்னுவயம், வெதிரேகம் என்று தருக்க நூல்கள் சொல்வதை நான் முதலில் கற்றது டீசல் மணக்கும் அந்தக் கொட்டிலில். (இப்போதைய கொமன் ரெயில் எஞ்சின்களில் இதைச் செய்துவிடாதீர்கள். குழாய்க்குள் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் நிற்கும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்துத் தசைக்குள் போய்விடும்.)

1990இல் நாட்டை விட்டு வந்தேன். வெம்பிளிப் பக்கம் ஒரு கராஜில் வேலை கிடைத்தது. நான் வந்து சில வருடத்தில் டீசல் வேன்கள் பேசத் தொடங்கின.

பேச்சு என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். பம்பை நடத்த ஒரு கொம்பியூட்டர் வந்தது. எஞ்சினில் அங்கங்கே வைத்த சென்சார்கள் அதற்குத் தகவல் அனுப்பும். ஏதாவது பிசகினால் அது ஒரு குறியீட்டெண்ணாக நினைவில் வைத்துக்கொள்ளும். நாங்கள் டாஷ்போர்டுக்குக் கீழே டோர்ச் அடித்துத் தேடி, டயக்னோஸ்டிக் சொக்கெட்டைக் கண்டுபிடித்து, வயரைச் செருகிக் கேட்டால் சொல்லும். அறியும் வழிகளான காண்டல், கருதல், உரை என்ற மூன்று அளவைகளில் அதுவரை எங்களுக்கு எஞ்சினிடம் முதலிரண்டுதான் இருந்தன. மூன்றாவதும் வந்துவிட்டது என்று நினைத்தோம்.

ஆனால் ஒருவர் உரையைக் கேட்பதற்கு முன் அவர் யார், என்ன மொழி என்று தெரிய வேண்டும். பழைய வேன்களில் பாதி வேலை அதுதான். 1990களின் முதற்பாதியில் வந்த வோக்ஸ்வாகன் டி4 வேனில் இருப்பது இரண்டிரண்டு முனைகள் கொண்ட இரு சிறிய சொக்கெட்டுகள். கறுப்பு நிறத்தது மின்சாரத்துக்கு, வெள்ளை நிறத்தது பேச்சுக்கு. ஆரம்பகால மேர்சிடிஸ் ஸ்பிரின்டரில் 14 முனை. அதே உடலைப் பங்குபோட்டுக்கொண்டு பிறந்த வோக்ஸ்வாகன் எல்டி வேனில் 16 முனை. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் மொழி மற்றதற்குப் புரியாது. ஜப்பானிலிருந்து இறக்குமதியான 1கேஇசட் எஞ்சின் டொயோட்டாக்கள் வேறு மாதிரி. பொனற்றுக்குக் கீழே ஒரு சிறிய கறுப்புப் பெட்டி. மூடியின் உட்புறத்தில் முனைகளின் பெயர் அச்சிட்டிருக்கும். டிஈ1, ஈ1 என்ற இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு மின்னி மின்னிச் சொல்லும். இரண்டு மின்னல், இடைவெளி, இரண்டு மின்னல் என்றால் 22: தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சாரின் வழியில் பழுது. ஸ்கானரே வேண்டாம்; எண்ணத் தெரிந்தால் போதும். முனையை மாற்றி இணைத்தால் மட்டும் எதையாவது எரித்துவிடுவீர்கள்.

16 முனைச் சொக்கெட் எல்லாவற்றையும் விட ஏமாற்றும். அதன் வடிவம் எங்கும் ஒன்று. 4ஆம் முனை தரை, 16ஆம் முனை பற்றரி, 7ஆம் முனை கே-லைன் என்கிற பேச்சுக் கம்பி. ஆனால் ஐரோப்பாவில் புதிய டீசல் கார்கள் பொது மொழியில் பேசியே ஆக வேண்டும் என்ற விதி வந்தது 2004இல்; வேன்களுக்கு அதற்கும் பிறகு. அதற்கு முந்திய வேனில் 16 முனை இருந்தாலும் உள்ளே இருப்பது அந்தந்தக் கம்பனியின் சொந்த மொழி. தொழிலுக்குப் புதிதாய் வரும் பொடியன்கள் மலிவான ரீடரைச் செருகுவார்கள். அது 33 என்ற பொது முகவரியைச் சொல்லிக் கூப்பிடும். 16 முனையோடு வந்த பிந்திய டி4 எஞ்சினின் முகவரியோ 01. தன் பெயர் சொல்லி அழைக்காதவனுக்கு அது வாய் திறக்காது. "அண்ணை, இந்த வேனின்ர கொம்பியூட்டர் செத்துப்போச்சு" என்று வந்து நிற்பார்கள்.

சரியான முகவரியில் அழைக்கும் விதம் எனக்கு இன்றைக்கும் வியப்பு. அழைப்பு மிக மெதுவாகப் போகும்: நொடிக்கு ஐந்து பிட். ஒரே ஒரு எண்ணைச் சொல்லி முடிக்க இரண்டு நொடி. உறங்குகிறவரைத் தொட்டு எழுப்புகிற வேகம் அது. விழித்த எஞ்சின் 55 என்று பதில் அனுப்பும். அந்த எண்ணுக்குப் பொருள் ஒன்றும் இல்லை. ஒன்று, சுழி, ஒன்று, சுழி என்று மாறி மாறி வரும் தாளம். இந்த வேகத்தில்தான் நான் பேசுவேன், உன் செவியை இதற்குச் சேர்த்துக்கொள் என்பது அதன் கருத்து. பிறகு உரையாடல் தொடங்கும். ஒரு பக்கம் சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்கும் மறுபக்கம் அதன் நேர் எதிரைத் திருப்பிச் சொல்லி, கேட்டதை உறுதிசெய்ய வேண்டும். 1 என்றால் 254. ஒரு தொடரின் முடிவெண் வரை இப்படியே போகும். காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று சொல்லப்படும் பௌத்தத் தருக்கர் திங்நாகர், ஒரு சொல்லின் பொருள் அது அல்லாதவற்றை விலக்குவதில் இருக்கிறது என்றார். பசு என்பது பசு அல்லாததை விலக்குதல். இதை வகுப்பில் கேட்டபோது மற்றவர்களுக்குக் கடினமாக இருந்தது. நான் கே-லைனை நினைத்துக்கொண்டேன்.

ஒருமுறை ஒரு டி4 எவ்வளவு கூப்பிட்டும் பேசவில்லை. மீற்றரால் 16ஐயும் 4ஐயும் தொட்டுப் பார்த்தேன்; 12 வோல்ட் இருந்தது. 7ஆம் முனையிலும் சும்மா இருக்கும்போது ஏறத்தாழ அவ்வளவு இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை. உரிமையாளர் தமிழ் வானொலி கேட்கப் புது ரேடியோ ஒன்று போட்டிருந்தார். அந்த வேன்களில் ரேடியோவின் பின்னாலும் அதே பேச்சுக் கம்பி ஒரு கிளை போகிறது. புது ரேடியோ அதைத் தரையோடு சேர்த்துவிட்டது. ரேடியோவை இழுத்தெடுத்ததும் எஞ்சின் பேசிற்று.

இப்படிப் பாடுபட்டுக் கேட்கும் உரை நம்பத் தக்கதா? நியாய சூத்திரம், உரை என்பது ஆப்தனின் உபதேசம் என்கிறது. அதற்குப் பாடியம் எழுதிய வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்து, அறிந்தபடி சொல்ல விரும்புகிறவனே ஆப்தன் என்கிறார். இந்த இலக்கணம் இருடிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் சொல்கிறார். பிறப்பை அவர் பார்க்கவில்லை. அந்த அகலம் எனக்குப் பிடிக்கும். அப்படியானால் இயந்திரமும் ஆப்தனாகலாமே? அதற்கு ஆசை இல்லை, பயம் இல்லை, என்னிடம் எதையும் விற்க வேண்டியதும் இல்லை. பல வருடம் நான் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் "நேரே அறிந்து" என்ற முதல் நிபந்தனையில் அது தவறுகிறது. டிடிஐ எஞ்சின்களில் ஓடும்போதே சுருள் வடிவ மஞ்சள் விளக்கு மின்னத் தொடங்கும். சாரதிகள் குளோ பிளக் பழுது என்று வருவார்கள். குறியீட்டைக் கேட்டால் பல வேளை பிரேக் சுவிட்ச் என்று வரும். பெடலில் இரண்டு சுவிட்ச் உண்டு. மிதித்தேன் என்று ஒன்று சொல்லி, மிதிக்கவில்லை என்று மற்றது சொன்னால், இரு சாட்சிகள் முரண்படுகின்றன என்று கொம்பியூட்டர் எழுதி வைக்கிறது. பெடலை அது காணவில்லை. எந்தச் சாட்சி பொய் என்பதும் அதற்குத் தெரியாது. அது நமக்குத் தரும் உரை, உண்மையில் அதன் கருதல். மணிமேகலையில் அறவண அடிகள் காண்டலும் கருத்தும் ஆகிய இரண்டே அளவை, உரை இவற்றுள் அடங்கும் என்று கொள்வதற்கு என் தொழிலில் இதைவிட நல்ல சான்று இல்லை.

இதை நான் நூலிலிருந்து கற்கவில்லை. 2009 பெப்ரவரியில் கற்றேன்.

சமையல் ஓடர் எடுத்துக் கலியாண வீடுகளுக்கும் செத்த வீடுகளுக்கும் சாப்பாடு அனுப்பும் ஒரு ஐயா என்னிடம் வேனைக் கொண்டுவந்தார். 1998ஆம் ஆண்டு டி4, 2.5 லீற்றர், ஐந்து சிலிண்டர். பதினொரு வருடமாக விடிய நாலு மணிக்கு அந்த எஞ்சினைக் கிளப்புகிறவர்.

"தம்பி, வெள்ளன ஸ்டார்ட் பண்ணேக்க ஒரு தட்டல் கேக்குது. கொஞ்சம் வெள்ளைப் புகையும். சூடானாப் பிறகு இல்லை" என்றார்.

மத்தியானம். எஞ்சின் சூடு. எனக்கு முன்னால் நாலு வாகனம் காத்திருந்தது. ஸ்கானரைச் செருகினேன். முகவரி 01. குறியீடு எதுவும் இல்லை.

"ஐயா, கொம்பியூட்டர் ஒண்டும் சொல்லேல்லை. வேன் நல்லா இருக்கு. பயப்பிடாம ஓடுங்கோ."

அவர் ஒரு நிமிடம் தயங்கி நின்றார். "எனக்குக் கேக்குது தம்பி" என்றார், மெல்லமாக. பிறகு போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து, எம்1 நெடுஞ்சாலையில் லூட்டனைத் தாண்டியபோது எஞ்சின் நின்றது. மில்டன் கீன்ஸில் ஒரு அந்தியேட்டி வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அந்தக் குளிரில் வீதியோரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறார். ஆட்கள் காத்திருந்து, படைக்க வைத்திருந்த இலையைச் சுருட்டி வைத்தார்களாம். எஞ்சினின் தலையைக் கழற்றியபோது இரண்டாவது பிஸ்டனின் உச்சியில் என் சிறுவிரல் போகிற ஓட்டை. நேரே மேலே இருந்த இன்ஜெக்டரின் நாசில் தெளிக்காமல் ஒழுகியிருக்கிறது. குளிரில் ஒழுகிய டீசல் காலம் தப்பி எரிந்து தட்டியது. எரியாத மிச்சம் வெள்ளைப் புகையாகப் போனது. தட்டித் தட்டி, உருக்கி உருக்கி, கடைசியில் துளைத்துவிட்டது. ஐயா சொன்ன மூன்று வாக்கியத்திலும் இது முழுவதும் இருந்தது.

கொம்பியூட்டர் ஏன் சொல்லவில்லை? அந்த எஞ்சினில் ஐந்து இன்ஜெக்டர். நாசில் ஊசி எழும்புவதை உணரும் சென்சார் அவற்றில் ஒன்றே ஒன்றில்தான் உண்டு. இரண்டாவதில் இல்லை. மற்ற நாலும் அப்படியே நடக்கும் என்று அது கருதிக்கொள்கிறது. பொய் சொல்லவில்லை. அது அறியக்கூடிய இடத்தில் பழுது இருக்கவில்லை, அவ்வளவுதான். பொய் சொன்னது நான். "குறியீடு இல்லை" என்று அது சொன்னதை "பழுது இல்லை" என்று மொழிபெயர்த்தவன் நான்.

பல வருடத்துக்குப் பிறகு சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியைப் படித்தோம். அருணந்தி சிவாசாரியார், பிறர் சொல்லும் பத்து அளவைகளை எண்ணிச் சொல்லி, அவற்றை மூன்றில் அடக்குகிறார். அந்தப் பத்தில் ஒன்று அபாவம்: இன்மையை அறிதல். தரையில் குடம் இல்லை என்பதை எதைக் கொண்டு அறிகிறோம்? காணாமையைக் கொண்டு. குமாரில பட்டரின் வழிவந்த மீமாஞ்சகர் இதைத் தனி அளவையாகவே வைத்தார்கள். ஆனால் அதற்கு ஒரு கட்டு உண்டு. குடம் இருந்திருந்தால் கண்டிருப்பேன் என்ற நிலையில்தான் காணாமை இன்மைக்குச் சான்று. வெளிச்சம் வேண்டும், கண் வேண்டும், மறைப்பு இருக்கக் கூடாது. இருட்டறையில் குடத்தைக் காணாதது குடம் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஆசிரியர் இதைச் சொல்லிக்கொண்டிருக்க, எனக்கு வியர்த்தது. அந்த மத்தியானம் நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான்: இந்தப் பழுது இருந்தால் இந்தக் கருவிக்குத் தெரிந்திருக்குமா? கேட்டிருந்தால், வேனை அன்றிரவு கராஜில் நிறுத்தி, மறுநாள் குளிரக் குளிரக் கிளப்பி, சித்தப்பாவின் முறையில் ஐந்து நட்டையும் தளர்த்தியிருப்பேன். கால் மணி நேர வேலை.

அதைவிட ஒன்று என்னை உறுத்துகிறது. அந்தச் சொக்கெட்டுக்கு முன் எனக்கு ஒரு ஆப்தர் இருந்தார். வாத்ஸ்யாயனரின் இரண்டு நிபந்தனையும் அவருக்குப் பொருந்தும்: பதினொரு வருடம் காதால் நேரே அறிந்தவர், அறிந்தபடி சொல்ல வந்தவர். நான் அவருடைய உரையைத் தள்ளிவிட்டு, ஐந்தில் நாலைக் காணாத ஒன்றின் மௌனத்தை உரையாக எடுத்தேன். ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே உனக்கு நோவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர். அவர்களுக்குச் செய்யப்படுவதும் இதே பிழை, இதே கொடுமை.

கராஜில் வேலை பழகும் பல்கலைக்கழகப் பொடியன் ஒருவன் என் கழுத்து உருத்திராக்கத்தைப் பார்த்துவிட்டு, எந்தக் கருவியிலும் தெரியாத கடவுளை எப்படி நம்புகிறீர்கள் என்று கேட்டான். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டான். இருந்திருந்தால் அந்தக் கருவியில் தெரிந்திருப்பாரா என்று திருப்பிக் கேட்டேன். அவன் யோசித்தான். ஆனால் அவனிடம் மற்றதையும் சொன்னேன், அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை: இருட்டறையில் குடம் இல்லை என்று நீ சொல்ல முடியாது, அதே இருட்டைக் காட்டிக் குடம் உண்டு என்று நானும் சொல்ல முடியாது. உண்டு என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டும். எனக்கு அது நாயன்மாரின் உரை. அவர்களை நான் ஆப்தர் என்று கொள்கிறேன், கண்டதைக் கண்டபடி சொன்னவர்கள் என்று. அவர்கள் அப்படியானவர்களா என்று ஆராயும் உரிமை உனக்கு உண்டு. சென்சார் இல்லாத இடத்தின் மௌனத்தை மட்டும் என்னிடம் காட்டாதே.

ஐயாவின் எஞ்சினை என் செலவில் திருத்திக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அதன் பிறகு என் கராஜில் வேலை அட்டையின் முதல் வரியில், வாகனத்தைக் கொண்டுவந்தவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுகிறோம். கடைசி வரியில் "பழுது இல்லை" என்று எழுத அனுமதி இல்லை. எதைக் கேட்டோம், அது எதை அறியக்கூடியது, என்ன பதில் வந்தது என்று எழுத வேண்டும்.

2023 ஆகஸ்ட் 29 அன்று, புகை கூடிய பழைய வாகனங்களுக்கு விதிக்கும் யூலெஸ் கட்டணம் இலண்டன் முழுவதற்கும் விரிந்தது. பழைய டீசல் வேனுக்கு நாளுக்கு 12.50 பவுண். எழுபதைத் தாண்டிவிட்ட ஐயா வேனை வடக்கே ஒருவருக்கு விற்றார். போகுமுன் நான் ஒரு தாளை எழுதி வேனின் சிறு பெட்டிக்குள் வைத்தேன். சொக்கெட் எங்கே இருக்கிறது. எஞ்சினின் முகவரி 01. பொது ரீடர் பேசாது. ரேடியோவின் பின்னால் எந்தக் கம்பியை வெட்டி மூடியிருக்கிறேன். அதன் கீழே: ஐந்து இன்ஜெக்டரில் ஒன்றில்தான் சென்சார் உண்டு, மற்ற நாலையும் விடியற்காலையில் காதால் கேட்கவும்.